மலை ஏறக் கூடாத வருஷம்

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. திருத்தணி கூடாது, திருப்பதி கூடாது, குன்று என்று பெயர் வைத்த எதிலும் கால் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் வாய் திறக்காது. "பெரியவங்க சொல்லிகீறாங்க" என்பார்கள். அந்தப் பெரியவர்களின் விலாசம் கிடைத்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

என் பெயர் லாவண்யா. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் வீடு. முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் ஜெகன் போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணி அவர் கையிலேயே இருந்தது.

இந்த எட்டு மாதத்தில் நான் கொஞ்சமாகவா விட்டுக்கொடுத்தேன்? என் கூடப் பிறந்த தங்கை பவித்ராவின் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில் என்னைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். மேளம் கெட்டியாக அடிப்பது கேட்டது, நான் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி என்று விட்டேன். பூ வைக்காதே என்றார்கள், விட்டேன். வேனை வேறு ஆளை வைத்து ஓட்டு என்றார் ஜெகனின் அண்ணன் ஜானகிராமன். அதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே காம்பவுண்டுக்குள் அவருக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம். இரண்டுக்கும் ஒரே கேட். அதனால் நான் வேனை எடுக்கும்போதெல்லாம் அவர் முகம் தூக்குவதைப் பார்த்தபடிதான் நான் ரிவர்ஸ் எடுப்பேன்.

ஜெகனுக்கு மலைப் பைத்தியம். பூந்தமல்லியில் பிரியாணி அண்டா வாடகைக்கு விடும் கலீலுல்லா, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வேலை பார்க்கும் கோபி, இவர் என மூவரும் ஒரு செட்டு. லீவு கிடைத்தால் போதும், எந்த மலையில் எந்தக் குகை என்று தேடிக் கிளம்பிவிடுவார்கள். அதிலும் ஆரணிக்கு அந்தப் பக்கம் கூகைமலை என்றால் உயிர். உள்ளே ஆள் நிற்கிற அளவுக்குப் பொந்து விழுந்த இலுப்பை மரமாம், காத்துப்பாறை என்று ஒரு பாறையாம், அதைத் தாண்டினால் குகையாம். வந்து அளப்பார் அளப்பார், விடிய விடிய அளப்பார். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் மட்டும், "உன்னால முடியாதுடி, மூச்சு வாங்கும். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். பன்னிரண்டு வருஷமும் அடுத்த வருஷமாகவே போனது.

ஒரு தடவை மலையிலிருந்து வந்த கையோடு சொன்னார்: "குகையில பேரு எழுதிட்டு வந்துகீறேன்டி. நல்ல பெயின்ட். நாளைக்கு நான் போய்ட்டாகூட அது அங்க நிக்கும்." நான் வாயைக் கழுவுங்கள் என்று திட்டினேன். அவர் சிரித்தார்.

அவர் போன பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வீடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன், அந்த மனுஷன் தமிழில் எழுதிய எழுத்து ஒன்றுகூட இல்லை. எதுவென்றாலும் போனில் பேசி அனுப்புகிறவர். கையெழுத்து கேட்டால் இங்கிலீஷில் ஒரு கோணல் கோடு. அவர் கையால் முழுசாக எழுதியது என்று உலகத்தில் ஒன்று இருந்தால், அது அந்த மலையில்தான் இருந்தது. வருஷம் திரும்பட்டும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மனசை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் ஜெகனின் போனில் டிங் என்று சத்தம் வந்தது. நான் அதை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அவர்களுடைய 'மலை மாமேஸ்' குரூப்பில் கோபி போட்டிருந்தான்: "மாமே, கூகைமலை குகையில கீற பேரெல்லாம் அழிக்கப் போறாங்களாம். ஞாயித்துக்கெழம. கடைசியா ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடலாமா?"

யோசிக்காமல் அதிலேயே "நானும் வரேன்" என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

செத்துப்போன ஜெகன் நம்பரிலிருந்து "நானும் வரேன்" என்று வந்தால் எவன்தான் தாங்குவான்? கோபி லேத்துப் பட்டறையில் போனைக் கீழே போட்டுவிட்டு அலறினானாம். கொஞ்ச நேரத்தில் கலீல் அண்ணன் கூப்பிட்டார்.

"யாரு?"

"நான்தான் அண்ணே. லாவண்யா."

"அல்லாவே! ஏம்மா, இப்படியா மெசேஜ் போடுவ? கோபிக்கு ஜொரமே வந்துடும் போலகீது."

"வரட்டும். நான் வரேன் அண்ணே. கூட்டினு போவலன்னா வேனை எடுத்துகினு நானே போயிடுவேன்."

"ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு ரெடியா இரு" என்றார் கலீல் அண்ணன்.

கோபியின் பெண்டாட்டி மாவு மில்லில் சொல்லி, அது என் ஓரகத்தி சுரேகா காதில் விழுந்து, சனிக்கிழமை சாயங்காலமே என் மூத்தார் ஜானகிராமன் வாசலில் வந்து நின்றுவிட்டார். என் மாமியார் சாமுண்டீஸ்வரி உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மலைக்குப் போறியாமே?"

"ஆமா மாமா. நாளைக்கு."

"வருஷம் திரும்பல."

"தெரியும்."

"தெரிஞ்சுகினே போறேன்னா இன்னா அர்த்தம்? அந்த மலை எங்க ஓடிடப் போவுது? நாலு மாசம் போவட்டும். திதி குடுத்துட்டு நானே கார் வெச்சு அனுப்பறேன்."

"மலை ஓடாது மாமா. அவரு பேரு போய்டும். நாளைக்கு அழிக்கறாங்க."

"பேராம் பேரு!" என்று கையை உதறினார். "ஆளே போய்ட்டான். பேரு எதுக்கு?"

கூடப் பிறந்தவர் பேசுகிற பேச்சா அது? அவர் துக்கம் அவருக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அழக்கூட வரவில்லை, அத்தனை கோபம். உள்ளே கீரை ஆய்கிற சத்தமும் நின்றுவிட்டது.

"நான் போவேன் மாமா."

"ரெண்டு ஆம்பளைங்களோட?"

"அந்த ரெண்டு பேரு தோள்லதான் உங்க தம்பி சுடுகாட்டுக்குப் போனாரு. அப்ப மட்டும் அந்தத் தோளு நல்லா இருந்துச்சா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "வாயி நீண்டுபோச்சு உனக்கு. போறதுன்னா போ. திரும்பி வந்தா இந்த கேட்டு உனக்குத் தொறக்காது. அவ்ளோதான்."

போய்விட்டார். நான் மாமியார் பக்கம் திரும்பினேன். அத்தை என்னைப் பார்க்காமல் மறுபடி கீரையைக் கையில் எடுத்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க இருவரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி நடித்தோம்.

விடிவதற்கு முன்னால் நான் செருப்பை மாட்டும்போது அத்தை எழுந்து வந்தார். ஜெகனின் சிவப்புக் குல்லாவை நீட்டினார்.

"மேல காத்து அடிக்கும்னு சொல்வான். காத அடைச்சுக்கோ."

கலீல் அண்ணனின் ஆம்னி தெருமுனையில் நின்றது. பின்சீட்டில் கோபி, மடியில் கலீல் அண்ணனின் மனைவி ஷாகிதா அண்ணி கட்டிக் கொடுத்த டிபன் மூட்டை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் கலீல் அண்ணன் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அண்டாவை ஏற்றி ஏற்றிப் பழகியவர், காலி வண்டியையும் அண்டா இருக்கிற மாதிரியே ஓட்டினார். "இறங்குங்க அண்ணே" என்று ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு கோபி டிபன் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

வெயில் ஏறுவதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. முதல் தடவையாகக் கூகைமலையைப் பார்த்தேன். பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஆனால் மொட்டைப் பாறையும் இடையிடையே பச்சையுமாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்கிற மாதிரி நின்றது. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு முனீஸ்வரன் கல். கோபி சூடம் ஏற்றிக் கும்பிட்டான். கும்பிட்டுவிட்டுத் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பிடம் பேசினான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க."

"கோச்சுக்குவேன். சொல்லு."

"நீங்க வண்டியிலயே குந்திக்கினு இருங்களேன். நாங்க மேல போய் வீடியோ எடுத்தாந்து காட்டறோம். தெளிவா எடுப்பேன் அண்ணி, சத்தியமா. எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா ஏதாவது ஆச்சுன்னா..."

"இன்னா ஆவும்?"

"இல்ல... தீட்டு..."

"தீட்டு யாருக்குடா? நீதான் அவருக்குக் கொள்ளிச் சட்டிக்கு முன்னாடி சங்கு ஊதறவனோட சண்ட போட்டுகினு போன. நீ போன மாசம் திருத்தணி போனியா இல்லியா?"

"போனேன். ஆனா நான் பங்காளி இல்லியே அண்ணி."

"கூட ஊர் சுத்தினவனுக்குத் தீட்டு இல்ல, கூடவே குடும்பம் நடத்தினவளுக்குத் தீட்டு. நல்லாகீதுடா உன் கணக்கு!"

கலீல் அண்ணன் நடுவில் புகுந்தார். "எங்கள்லகூட புருஷன் போனவ வீட்டோட இருக்கற இத்தா உண்டும்மா. நாலு மாசம் பத்து நாள். அதோட முடிஞ்சிடும். உங்களுதுதான் வருஷம் பூரா இழுக்குது."

"உங்க கணக்குல பாத்தா எனக்கு எப்பவோ முடிஞ்சுபோச்சு அண்ணே."

"அதான் சொல்றேன். உன் மூத்தார் கேட்டா ஒண்ணு சொல்லு. இந்த மலைமேல கோயிலே கெடையாது, சமண சாமியாருங்க படுத்துகினு இருந்த குகைதான். சாமி இல்லாத மலைக்குத் தீட்டு ஏதுன்னு கேளு. வாயடைச்சுப் போயிடுவாரு."

நல்ல யோசனைதான். ஜானகிராமன் மாமாவே அதைக் கேட்டால் தலையை ஆட்டியிருப்பார். ஆனால் எனக்கு ஏனோ அது தொண்டையில் இறங்கவில்லை.

"வேணாம் அண்ணே. சாமி இருந்தாலும் நான் ஏறித்தான் இருப்பேன். சாக்கு சொல்லிட்டு ஏறினா, அது அவங்க குடுத்த பர்மிஷன் மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தேன். கோபி முனீஸ்வரனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் வந்தான்.

கொஞ்ச தூரம்தான் படி. அப்புறம் சரளையும் முள்ளும்தான். மூச்சு வாங்கும் என்று ஜெகன் சொன்னது பொய் இல்லை. நுரையீரல் வாய்க்கு வந்துவிடும் போல இருந்தது. வேன் ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு பலம் உண்டு, காலுக்கு ஏது? ஒரு பாறையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம். எனக்கு முன்னால் கோபிதான் உட்கார்ந்தான். இரண்டு தடவை. "வாங்குது அண்ணி" என்று நெஞ்சைப் பிடித்தான். நானும் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும், திரும்ப எழுந்திருக்க வேண்டும். இதற்காகவா என்னைப் பன்னிரண்டு வருஷம் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்?

இலுப்பை மரம் வந்தது. ஜெகன் சும்மா அளந்தது என்று நினைத்தேன், குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். அடிமரம் எங்கள் வீட்டு சமையலறை அகலம் இருந்தது. பொந்துக்குள் நான் நிமிர்ந்தே போய் நின்றேன். உள்ளே ஈரமான மர வாசம், வௌவால் வாசம், மேலே ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம். எத்தனை நூறு வருஷம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். நடுவயிறு மொத்தமும் போய்விட்டது, ஆனாலும் மேலே தளதளவென்று தழைத்து நிற்கிறது. வெளியிலிருந்து கோபி, "ஜெகன் இதுக்குள்ளதான் அண்ணி குறட்டை விட்டுத் தூங்குவான்" என்றான். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன். கொஞ்சம் சத்தமாகவே அழுதேன். இருவரும் வெளியிலேயே காத்திருந்தார்கள், நல்ல பிள்ளைகள்.

அங்கிருந்து ஏறி காத்துப்பாறைக்கு வந்தோம். பெயருக்கு ஏற்ற காற்று. குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டேன். கீழே ஏரிகள் தகரத் துண்டுகளாக மின்னின, நெல் வயல், கரும்பு, செங்கல் சூளைப் புகை. கோபி கையை நீட்டி, "அதோ அந்தப் பக்கம் நல்லா உத்துப் பாருங்க அண்ணி, நம்ம ஆவடி தெரியும்" என்றான். "உங்கப்பன் தெரியும்" என்றேன். ஆனாலும் உற்றுப் பார்த்தேன். ஆளைப் பிடித்துத் தள்ளுகிற காற்றில் என் புடவை படபடத்துக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு அப்புறம் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் எதுவும் இல்லை, சந்தோஷமாகவே இருந்தது.

அந்த இடத்தில்தான் டவர் கிடைத்தது. கிடைத்த உடனே போன் அடித்தது. மூத்தார்.

"எங்க கீற?"

"மலைமேல மாமா."

"அப்ப ஏறிட்ட."

"ஏறிட்டேன்."

"சரி. கேட்டைப் பூட்டிட்டேன். புதுப் பூட்டு. உங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கோ."

கலீல் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபி தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்குப் பயம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"பூட்டிக்கோங்க மாமா. என் வேன் அதுக்குள்ளதான் நிக்குது. திங்கக்கெழம காலைல புள்ளைங்க ரோட்டுல நிக்கும். நான் கேட்டை எகிறிக் குதிச்சாவது வண்டிய எடுப்பேன். மலையே ஏறிட்டேன், உங்க கேட்டு இன்னா அம்மாம் பெரிய ஒசரமா?"

அந்தப் பக்கம் கசமுசா என்று சத்தம். போன் கை மாறியது தெரிந்தது. அத்தையின் குரல்.

"லாவண்யா, அவன் பேரு கீதா? பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல அத்தை. குகை கொஞ்சம் அந்தாண்ட கீது."

"பாத்துட்டு சொல்லு. எப்படி எழுதிகீறான்னு சொல்லு."

குகை, பாறைக்கு அந்தப் பக்கம் சரிவில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் வாளிகள், தேங்காய் நார் பிரஷ்கள், தண்ணீர் கேன்கள். அடிவாரத்து ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி மாதிரி ஒருத்தர் எங்கே தேய்க்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் எழுந்து வந்து வழியை மறித்தாள். காலேஜ் படிக்கிற வயசு. எழில் என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"உள்ள வரக் கூடாது. வேலை நடக்குது."

"ஒரே ஒரு பேரு பாக்கணும்மா. என் ஊட்டுக்காரரு எழுதினது. அத மட்டும் அழிக்காம உட்டுடு."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "காலைலேந்து இதையேதான் கேக்கறேன். ஒருத்தரு லவ்வர் பேருன்றாரு, ஒருத்தரு பையன் பேருன்றாரு. இதோ பாருங்க, ஒருத்தன் செல்நம்பரே எழுதிட்டுப் போயிருக்கான். அதுக்கு அடியில இன்னா இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

காட்டினாள். நீல எண்களுக்குப் பின்னால், செங்காவி நிறத்தில், குச்சிக் கை கால்களோடு மனுஷர்கள். கை கோத்து ஆடுகிறார்கள். பக்கத்தில் ஒரு மான், பாதிதான் தெரிந்தது. எந்தக் காலத்தில் எவர் வரைந்ததோ.

"எங்க ஊரு மலை இது. உங்க காதலுக்கு எங்க பாறைதான் கெடைச்சுதா?" என்றாள் எழில்.

சுருக்கென்றுதான் இருந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? என் வேன் சீட்டில் ஒரு பிள்ளை பேனாவால் கிறுக்கினாலே நான் தாம்தூம் என்று குதிப்பேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் வேண்டாம், ஜெகன்தான் வேண்டும்.

"அழிச்சா அழிச்சுக்கோ. மொதல்ல நான் பாக்கணும். வழிய உடு" என்று அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

தேடினேன். சுவர் முழுக்கப் பெயர்கள். போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கலீல் என்று பச்சைப் பெயின்டில் இருந்தது. பக்கத்திலேயே கோபி, அதே பச்சை. ஜெகன் இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், குனிந்து கற்படுக்கையின் ஓரம் வரை பார்த்தேன். இல்லை.

"அழிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன். "அதுக்குள்ள அழிச்சிட்டீங்களா?"

"இந்தப் பக்கம் இன்னும் தொடவே இல்லக்கா" என்றாள் எழில். அவள் குரலே மாறியிருந்தது.

அத்தைக்கு என்ன சொல்வேன்? அதுதான் முதலில் தோன்றியது. இத்தனை பேரோடு சண்டை போட்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, கடைசியில் அந்த மனுஷன் என்னிடம் சும்மா அளந்துவிட்டிருக்கிறாரா?

கலீல் அண்ணன் மெல்ல வந்து என் போனைப் பிடித்து, வெளிச்சத்தை கோபி பெயருக்குக் கீழே திருப்பினார்.

பச்சைப் பெயின்டில், பெரிய எழுத்தில், கொஞ்சம் கோணலாக, லாவண்யா என்று எழுதியிருந்தது.

"வந்தவங்க அவங்கவங்க பேர எழுதணும்னு பேச்சும்மா. நாங்க ரெண்டு பேரும் எழுதிட்டோம். பிரஷை அவன் கையில குடுத்தா, உன் பேர எழுதறான். 'டேய், உன் பேரு எங்கடா?'ன்னு கேட்டேன். 'நான்தான் வந்துட்டேனே மாமே. வராதவ பேருதான வேணும்'னான்."

நான் அந்த எழுத்தைத் தொட்டேன். சுழி போட்ட இடத்தில் பெயின்ட் கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது. 'லா'வின் கால் நீண்டுபோயிருந்தது. மூச்சுப் பிடித்து எழுதியிருக்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பார், ஸ்க்ரூ முடுக்கும்போதும் அப்படித்தான் செய்வார். எனக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. பெயரைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஏறத் தெரிந்த மனுஷனுக்கு, ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு என்ன கேடு? எனக்குக் கால் இல்லையா? ஒரு கூப்பிடு கூப்பிட்டிருந்தால் உருண்டாவது வந்திருப்பேனே! இங்கே நின்று சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்துப் போனை எடுத்து ஒரே ஒரு படம் பிடித்தேன். அத்தைக்கு. எப்படி எழுதியிருக்கிறான் என்று கேட்டாரே, பார்த்துக்கொள்ளட்டும். உள்ளது உள்ளபடியே சொல்லுவேன்.

புடவை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே கிடந்த நார் பிரஷ் ஒன்றை எடுத்தேன்.

"அண்ணி!" கோபி பதறிப்போய்க் கையைப் பிடித்தான். "இன்னா பண்றீங்க? இத பாக்கறதுக்குத்தான இவ்ளோ தூரம் வந்தீங்க?"

எழிலும் ஓடி வந்தாள். "அக்கா, அது யார் பேரு?"

"என் பேரு."

"இப்பதான் அழிக்காத, உடுன்னு அந்தச் சண்ட போட்டீங்க?"

"போட்டேன். இப்ப நானே அழிக்கறேன். வேற யாரும் கை வெக்கக் கூடாது."

"ஏங்க்கா?"

கோபியின் கையை உதறிவிட்டு பிரஷைத் தண்ணீரில் முக்கினேன்.

"பேரு எதுக்கும்மா? ஆளே வந்துட்டேன்."

எழில் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.